பேருந்து நிற்க வேண்டி

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு அந்த வருடம் வீட்டுக்குப் போகும் அவசரம் இல்லாமல் போயிருந்தது. காரணம் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு நல்ல சேதியாகத்தான் எல்லோரும் தெரிந்து வைத்திருந்தார்கள். அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது; ஆஸ்பத்திரியில் நர்ஸ். டீச்சர் நான்கு வயது இளையவள். இரண்டு பேருக்கும் வரன் பார்த்தார்கள், தட்டிப்போனது, பிறகு பார்த்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் அக்காவும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டும் சமாதானம் ஆகிக்கொண்டும் வருடங்களை ஓட்டினார்கள். அப்போதுதான் வெளியூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் வந்தார். அவர் மனைவி படுக்கையில் கிடந்தபோது கடைசி வரை பார்த்துக்கொண்டவள் அக்கா. மனைவி போய் ஒரு வருடத்துக்குமேல் ஆனபிறகு, அந்த மனுஷன் அக்காவிடம் நேரே கேட்கத் துணிச்சல் இல்லாமல் தங்கையிடம் வந்து கேட்டார்.

“இந்த வயசுல கல்யாணமா? ஊரே சிரிக்கும்டி” என்றாள் அக்கா.

“சிரிக்கட்டும். அதுங்களுக்கும் பொழுது போகணும்ல” என்றாள் டீச்சர்.

புடவை எடுத்தது அவள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அவள். பெட்டி கட்டியதும் அவள்தான். பள்ளிக்கூடத்தில் யாராவது விசாரித்தால், “சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எல்லோரும் கூடச் சிரிப்பார்கள். அதற்குமேல் அந்தப் பேச்சு போகாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கதவைத் திறந்து உள்ளே போனால், திங்கட்கிழமை காலைவரை அவள் குரலுக்கு வேலை இருக்காது. கடையில் “அரைக்கிலோ” என்பாள், அவ்வளவுதான். திங்கட்கிழமை முதல் வகுப்பில் “உக்காருங்க” என்று சொல்லும்போது தொண்டை கட்டி, வேறு யாருடைய குரலோபோல் வரும். செருமிக்கொண்டு மறுபடியும் சொல்வாள்.

அக்கா முதலில் தினமும் போன் செய்தாள். பிறகு அது ஞாயிற்றுக்கிழமை ஆனது.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். நீ?”

“ஆச்சு. எப்படி இருக்கே?”

“நல்லா இருக்கேன்.”

பின்னால் அத்தானின் குரல் எதையோ சத்தமாக விவரித்துக்கொண்டிருக்கும். “இதோ வர்றேன்” என்று அக்கா அந்தப் பக்கம் சொல்வாள். “சரி வெச்சுடறேன்டி” என்று இந்தப் பக்கம் சொல்வாள்.

ஆகவே டீச்சரின் நாளில் மிச்சமிருந்த பேச்செல்லாம் பள்ளி விட்டபிறகு, வராந்தாவில்தான் நடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்க வந்தார்கள். பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு பஸ் வரும். ஆனால் வாசலில் இருக்கும் நிறுத்தத்தில் நிற்காது. பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகளை ஏற்றினால் வண்டி நிறையும், காசு நிறையாது என்று டிரைவருக்கு ஒரு கணக்கு. பிள்ளைகள் கையைக் காட்டுவார்கள். அவர் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த பஸ் இருட்டத் தொடங்கும்போதுதான் வரும். அதுவரை யாராவது ஒரு ஆசிரியர் துணைக்கு இருக்க வேண்டும். மற்ற டீச்சர்களுக்கு வீட்டில் பிள்ளை, மாமியார், அடுப்பு என்று ஆயிரம் இருந்தது. “நான் இருக்கேன், எனக்கென்ன” என்று இவள் சொன்னாள். தலைமையாசிரியர் அதைத் தியாகம் என்று நினைத்து மற்றவர்கள் முன்னால் பாராட்டினார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் வராந்தாவில் கோடு போட்டு விளையாடுவார்கள், வீட்டுக்கதையெல்லாம் கொட்டுவார்கள். யார் வீட்டில் நாய் குட்டி போட்டது, யாருடைய சித்தப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தார் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவர்களில் ஒரு பெண் எதற்கெடுத்தாலும் “அது எப்படி?” என்று கேட்பாள். அவளுக்குக் குட்டி வக்கீல் என்று பெயர். ஒருநாள் அவள், “டீச்சர், உங்க வீட்டுல யாரு உங்கள எழுப்பி விடுவாங்க?” என்று கேட்டாள். “கடிகாரம்” என்றாள் டீச்சர். “அதுக்கு யாரு சாவி குடுப்பாங்க?” என்றாள் வக்கீல், விடாமல்.

மழைக்காலம் முடிந்த சமயம், பாடத்தில் அலுவலகக் கடிதம் வந்தது. டீச்சர் வழக்கம்போல் கரும்பலகையின் இடது மூலையில் ‘அனுப்புநர்’ என்று எழுதினாள். அதன் கீழே ‘பெறுநர்’. பிறகு ‘ஐயா’, ‘பொருள்’. கடைசியில் ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’. இருபது வருடமாக எழுதிய எழுத்து, கை தானாகப் போனது. விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொன்னாள். தாள்களை வாங்கிப் பார்த்தபோது முக்கால்வாசி வகுப்புக்குக் காய்ச்சல். ஒருவன், ‘நாளை மறுநாள் எனக்குக் காய்ச்சல் வரவிருப்பதால்’ என்று எழுதியிருந்தான்.

“டேய், வரப்போற காய்ச்சல் உனக்கு எப்படித் தெரியும்?”

“அன்னிக்கு மாமா ஊர்லேர்ந்து வர்றாரு டீச்சர்.”

சிரிப்பு அடங்கியதும் குட்டி வக்கீல் எழுந்தாள். “டீச்சர், இத யாரு படிப்பாங்க?”

“நான்தான்.”

“அப்புறம் எதுக்கு உங்களுக்குப் போய் ‘ஐயா’ன்னு எழுதணும்? நிஜமா யாருக்காவது எழுதலாமே?”

கேள்வியில் நியாயம் இருந்தது. நிஜமாகவே எழுதலாம் என்றாள் டீச்சர். எதைப் பற்றி என்று கேட்டாள். சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரே சத்தம்: “பஸ்ஸு! பஸ்ஸு!”

டீச்சர் சாக்பீஸோடு நின்றாள். “வேற ஏதாவது சொல்லுங்க. தண்ணிக் குழாய் ஒழுகுதே, அதப் பத்தி எழுதலாம். நம்ம கிளாஸ் ஃபேன்...”

“பஸ்ஸு டீச்சர்!”

அவள் திரும்பிக் கரும்பலகையில், ‘பொருள்: பேருந்து நிற்க வேண்டி’ என்று எழுதினாள்.

தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். “பசங்க எழுதட்டும்மா, நல்லதுதான். ஆனா பள்ளிக்கூடத்து விலாசம் வேணாம். மேலேர்ந்து யாராவது, உங்கள யார் எழுதச் சொன்னதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? சும்மா கெடக்கற சங்க ஊதிக் கெடுப்பானேன்?”

பிள்ளைகளின் வீட்டு விலாசம் போட்டால் பெற்றோர்கள் பயப்படுவார்கள். அதனால் டீச்சர் தன் வீட்டு விலாசத்தையே கரும்பலகையில் எழுதிப்போட்டாள். அனுப்புநர் இடத்தில் அவரவர் பெயர், அதன் கீழே அவள் வீட்டு எண், அவள் தெரு. பெறுநர் இடத்தில் பஸ் டிப்போ மேனேஜர்.

அடுத்த நாட்கள் முழுதும் அந்த வேலைதான். எழுதுவதைவிட அழிப்பது அதிகமாக இருந்தது. ‘டிரைவர் மாமா எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுப் போகிறார்’ என்று ஒருத்தி. ‘நீங்கள் நன்றாக இருக்க மாட்டீர்கள்’ என்று ஒருவன். ‘உங்கள் காலில் விழுகிறேன்’ என்று இன்னொருவன்.

“திட்டாதீங்க. அழாதீங்க. கெஞ்சவும் வேணாம்” என்றாள் டீச்சர். “என்ன நடக்குது, எங்க நடக்குது, நமக்கு என்ன வேணும். அத மட்டும் சொன்னாப் போதும். படிக்கறவரு உங்களுக்குக் கடன்பட்டவரும் இல்ல, எதிரியும் இல்ல.”

“கோவமா இருந்தா?” என்றான் காய்ச்சல்காரன்.

“கோவத்த வீட்டுல வெச்சிட்டு வந்து எழுது.”

“வருத்தமா இருந்தா?” என்றாள் வக்கீல்.

டீச்சர் சற்று யோசித்தாள். “அதுவும் வேணாம்” என்றாள்.

இருபத்தாறு பேர், இருபத்தாறு உறை. தபால்தலை ஒட்டி, எச்சில் காய்ந்து, எல்லாம் தயார். டீச்சர் அவற்றை ரப்பர்பேண்டு போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். தபால்பெட்டி அவள் தெருமுனையில்தான் இருக்கிறது.

அன்று போடவில்லை. மறுநாளும் போடவில்லை. ஒருநாள் ஆசிரியர் கூட்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒருநாள் தலைவலி என்று. பஸ் வாசலில் நிற்க ஆரம்பித்தால் சாயங்கால வராந்தா என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சாயங்காலம் வராந்தாவில் பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, “டீச்சர், டிப்போகாரங்க இந்நேரம் படிச்சிருப்பாங்களா?” என்று கேட்டபோது, “படிக்கணுமே” என்றாள். கைப்பை மடியில் இருந்தது. அன்று கடைசிப் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது ஒன்றாம் வகுப்புப் பெண் ஒன்று சுவரில் சாய்ந்து தூங்கிப்போனது. பஸ் வந்ததும் அதை எழுப்ப, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் மிரண்டு அழுதது. அதன் அண்ணன் அதையும் இரண்டு பைகளையும் இழுத்துக்கொண்டு இருட்டில் ஏறினான்.

டீச்சர் நேரே தபால்பெட்டிக்குப் போனாள். வாய் சிறிய பெட்டி. ஐந்தைந்தாகத் திணித்தாள்.

மூன்றாம் நாள் தபால்காரர் வீட்டில் அவளுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுப் போயிருந்தார். மின்கட்டணம் தவிர வேறு எதுவும் வராத வீடு. ஆவலாகப் பார்த்தாள். காய்ச்சல்காரன் உறையில் அனுப்புநரையும் பெறுநரையும் மாற்றி எழுதியிருந்தான். ‘ஐயா, தாங்கள் தினமும் எங்களை விட்டுவிட்டுப் போகிறீர்கள்’ என்று தொடங்கியது கடிதம். நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, சரியான விலாசத்தைத் தானே வேறொரு உறையில் எழுதி மறுபடி தபாலில் சேர்த்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. சனிக்கிழமை யாரும் தட்டுகிற கதவல்ல அது. சீருடை போட்ட, நரைத்த மீசைக்காரர் ஒருவர், கக்கத்தில் கனமான ஃபைலோடு நின்றார். பஸ் டிப்போவின் மேற்பார்வையாளர் என்றார். பிறகு அவள் தோளுக்குமேல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இந்த வீட்டுல மொத்தம் எத்தன பேரும்மா இருக்கீங்க?”

“நான் ஒருத்திதான்.”

“ஒருத்தியா?” ஃபைலைத் திறந்தார். “இருபத்தாறு புகார்! எல்லாம் இதே கதவு நம்பர். எங்க மேனேஜர் பயந்துட்டாரு. ஏதோ சங்கம், கட்சின்னு நெனச்சு, போய் என்னன்னு பாத்துட்டு வான்னு அனுப்பிட்டாரு. நானும் வழியெல்லாம், ஒரே வீட்டுல இருபத்தாறு பேர்னா எப்படிப் படுப்பாங்கன்னு யோசிச்சிக்கிட்டே வந்தேன்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்த மனிதர் முதலில் முறைத்தார், பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. உள்ளே வந்து உட்கார்ந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

“அதானே பார்த்தேன், எழுத்தெல்லாம் கோழி கிண்டின மாதிரி இருக்கேன்னு” என்றார். “ஆனா ஒண்ணு சொல்றேன். எங்களுக்கு வர்ற லெட்டர்ல பாதி திட்டு, பாதி கெஞ்சல். பஸ் எங்க நிக்கல, எப்ப நிக்கலன்னே இருக்காது. இதுல எல்லாம் சுத்தமா இருக்கு. நான் ஒண்ணு விடாம படிச்சேன்.”

கடிதங்களை எடுத்துப் பிரித்து, பிடித்த வரிகளை வாசித்துக் காட்டினார். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். ஆனாலும் கேட்டாள். தன் பேத்தியும் மூன்றாவது படிக்கிறாள் என்றார். டிப்போவில் டிரைவர்களோடு மல்லுக்கட்டுவது பற்றிச் சொன்னார். இன்னொரு டீ வேண்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று எழுந்துகொண்டார்.

“திங்கக்கெழம நானே ஸ்டாப்புல வந்து நிக்கறேன். வண்டி எப்படி நிக்காமப் போகுதுன்னு பாத்துடுவோம்.”

அவர் போனபிறகு இரண்டு தம்ளர்களைக் கழுவி வைத்தாள். வீடு, சத்தம் கேட்டுவிட்டு அடங்கிய வீடாக இருந்தது. அது எப்போதும் உள்ள அமைதியைவிடக் கனமாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை பஸ் நின்றது. மேற்பார்வையாளர் சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு கையை நீட்டி நின்றார். டிரைவர் வேறு வழியில்லாமல் பிரேக்கை மிதித்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். குட்டி வக்கீல் படியில் ஏறி, பாதியில் திரும்பி, “டீச்சர், படிச்சிருக்காங்க! நிஜமாவே படிச்சிருக்காங்க!” என்று கத்தினாள். ஜன்னல் ஜன்னலாகக் கைகள் ஆடின. பஸ் பாலத்தில் ஏறி மறைந்தது.

டீச்சர் வராந்தாவுக்குத் திரும்பினாள். துப்புரவு செய்யும் அம்மா சாவிக்கொத்தோடு நின்றிருந்தாள். “இனிமே நேரத்தோட பூட்டிடலாம்ல டீச்சர்? எனக்கும் இத்தன நாளா லேட்டு. நல்ல காரியம் பண்ணீங்க.”

“ஆமா” என்றாள் டீச்சர். “நல்ல காரியம்தான்.”

வெயில் இன்னும் இறங்காத நேரத்தில் வீட்டுக்கு நடந்தாள். அந்த நேரத்தில் தன் தெரு எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு அம்மா பிள்ளையைக் குளிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. இருட்டியபிறகும் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் நோட்டுப்புத்தகங்களைத் திருத்தும் சாக்கில் பள்ளியில் தங்கிப் பார்த்தாள். துப்புரவு அம்மா சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றதும் கிளம்பிவிட்டாள். வகுப்பில் பிள்ளைகள் அவளை ராணிபோல் பார்த்தார்கள். அடுத்து யாருக்கு எழுதலாம் என்று கேட்டார்கள். சாயங்காலம் மணி அடித்தவுடன், விட்டது சிறை என்று ஓடினார்கள். பிள்ளைகள் ஓடத்தான் வேண்டும். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். வருத்தம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் போனுக்காகக் காத்திராமல், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி அக்கா வீட்டுக்கே போனாள். இரண்டு மணி நேரப் பயணம். மருந்துக்கடைக்கு மேலேதான் வீடு. அத்தான் கதவைத் திறந்து, “அட, வாங்க வாங்க! என்னம்மா, யாரு வந்திருக்கா பாரு!” என்று தெரு அதிர வரவேற்றார். அவளைச் சோபாவில் உட்காரவைத்து ஃபேனை அவள் பக்கம் திருப்பினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சற்று சதை போட்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. டீ வந்தது, சாஸரோடு. பக்கத்தில் தட்டில் பிஸ்கட். டீச்சர் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் விருந்தாளிக்கு மட்டும்தான் சாஸர் வரும்.

சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கக் கத்தியை எடுத்தாள். “நீ உக்காரு, வந்த எடத்துல உனக்கெதுக்கு” என்று அக்கா அதை வாங்கி வைத்தாள். சாப்பாடு முழுக்க அத்தான் பேசினார்: மருந்துக் கம்பெனிகளின் தில்லுமுல்லு, மாடி வீட்டுக் கசிவு, தன் முழங்கால். நல்ல மனிதர். பஸ் கதையை அவளிடம் கேட்டு, தொடையைத் தட்டிச் சிரித்தார். “இருபத்தாறு பேரா! எப்படிப் படுப்பாங்கன்னு யோசிச்சாராமா!” அக்காவும் சிரித்தாள், ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

கிளம்பும்போது அக்கா பஸ் நிலையம்வரை கூட வந்தாள். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“ஏன்டி திடீர்னு வந்தே?”

“சும்மாதான்.”

“சும்மா வர்ற ஆளா நீ?”

டீச்சர் செருப்பு நுனியைப் பார்த்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. “பசங்க இப்ப நேரத்தோட போயிடறாங்க” என்றாள். பிறகு, “வீட்டுல பேச ஆளில்லக்கா” என்றாள். சொன்னவுடன் அழுகை வந்தது. கைக்குட்டையைத் தேடி எடுப்பதற்குள் கன்னத்தில் இறங்கிவிட்டது.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நாடி பார்ப்பதுபோல.

“எனக்குத் தெரியும்டி. நீ ‘நல்லா இருக்கேன்’னு சொல்ற தினுசுலயே தெரியும்” என்றாள். “வேணும்னுதான் கேக்காம இருந்தேன். கேட்டு, நீ சொல்லிட்டா, அப்புறம் நான் இங்க நிம்மதியா இருக்க முடியாது. அவ்வளவு சுயநலம் எனக்கு.”

“உன்னத் திரும்பி வரச் சொல்லலக்கா.”

“சொல்ல மாட்டே. அதான் கஷ்டமே.”

“நீ இங்க நல்லா இருக்கியா?”

அக்கா தயங்கினாள். “இருக்கேன்டி” என்றாள், திருட்டுப்பட்டம் கட்டப்பட்டவள்போலத் தலையைக் குனிந்துகொண்டு. “காலைல அவரு எனக்கு முன்னாடி எந்திரிச்சு டீ போட்டு வெக்கறாரு. எனக்கு யாரு அப்படி செஞ்சிருக்கா?”

“நான் செஞ்சேனே.”

“நீ போட்டது டீயா?” என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள் டீச்சர்.

பஸ் வந்தது. “ஞாயித்துக்கிழமைன்னு இல்ல, தோணறப்பல்லாம் கூப்பிடு” என்றாள் அக்கா. “என்ன பேசறதுன்னு யோசிக்காத. அவரு பேச்ச நிறுத்த எனக்கும் ஒரு சாக்கு வேணும்.”

புதன்கிழமை டீச்சர் அக்காவைப் போனில் கூப்பிட்டாள். சொல்வதற்கு ஒன்றுமில்லை, பாத்திரம் தீய்ந்துபோனதைச் சொன்னாள். எப்படித் தீய்ந்தது, எவ்வளவு நேரம் தேய்த்தாள் என்றெல்லாம் அக்கா கேட்டாள். ஐந்து நிமிஷத்தில் கடையிலிருந்து யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டாள். பாத்திரத்தில் அடிப்பிடித்தது இன்னும் முழுதாக விட்டுப்போகவில்லை. டீச்சர் அதில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தாள். ஒருவருக்கு மட்டும் படுக்கையை விரித்துப் படுத்தாள். தூக்கம் வரத் தாமதமானது, வந்தது.